திருப்பிப் போட்ட தகடு

காகித ஆலையில் உலர்த்தும் பிரிவின் தலைவருக்குச் 'சிக்கனம்' என்ற பட்டப்பெயர் வந்தது சமீபத்தில்தான். அதற்கு முன்னால் அவருக்குப் பட்டப்பெயரே கிடையாது. பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு அவர் யாருக்கும் நல்லதும் செய்ததில்லை, கெட்டதும் செய்ததில்லை. ஈரக் காகிதம் ஒரு பக்கம் உருளைகளுக்குள் நுழையும், காய்ந்த காகிதம் மறுபக்கம் வெளியே வரும், நடுவில் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். உருளைகளைச் சூடாக்குவது நீராவி. அதை அனுப்புவது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பாய்லர் கூடம். அந்தக் கூடத்தின் தலைவர் அவருடைய மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஒரே குழாயின் ஒரு முனையில் மச்சானும் மறுமுனையில் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருப்பது குடும்பத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சேர்மன் ஆலையைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்ததும் ஜி.எம். ஓர் உத்தரவு போட்டார். ஆலையில் எழுத்து பொறித்த எந்தப் பொருளும் சேர்மனுக்கு முதுகைக் காட்டக் கூடாது. தீயணைப்புக் குடுவைகள் திரும்பின, மோட்டார்களின் பெயர்ப்பலகைகள் திரும்பின, கழிப்பறைப் பலகைகூடத் திரும்பி நின்றது. உலர்த்தும் பிரிவில் மட்டும் ஒன்று திரும்பாமல் மிச்சமிருந்தது. நீராவிக் குழாயின் நடுவே, இரண்டு இரும்பு விளிம்புகளுக்கு இடையில் செருகியிருந்த தகடு அது. ஆரிஃபிஸ் பிளேட் என்பார்கள். நடுவில் ஓட்டை போட்ட வட்டத் தகடு, அவ்வளவுதான். அதன் கைப்பிடி மட்டும் கரண்டிக் காம்பு மாதிரி குழாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் எண்ணும் எழுத்தும் பொறித்திருக்கும். நீராவி கொல்லைப்புறமாக வருகிறது, சேர்மன் முன்வாசல் வழியாக வருவார். எழுத்தோ நீராவியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உலர்த்தும் பிரிவுத் தலைவர் யோசிக்கவில்லை. வாரவிடுமுறையில் ஃபிட்டரைக் கூப்பிட்டுத் தகட்டை உருவச் சொன்னார், எழுத்து முன்வாசலைப் பார்க்கிற மாதிரி திருப்பிச் செருகச் சொன்னார், கைப்பிடிக்குப் பளபளவென்று பாலிஷும் போடச் சொன்னார். மீட்டர்களைக் கவனிக்கும் கருவி எஞ்சினியர் அப்போது நீண்ட விடுப்பில் இருந்தார். ஒரு தகட்டைத் திருப்ப எஞ்சினியரைக் கேட்க வேண்டாமா என்று தலைவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. சேர்மன் வந்தார், அந்தக் குழாய் இருக்கும் திசையை ஏறிட்டும் பார்க்காமல் செல்போனில் பேசிக்கொண்டே கடந்து போனார்.

ஆனால் அந்தக் குழாயில் நீராவியை அளக்கும் மீட்டர் பார்த்தது. தகடு திரும்பிய மறுநாள் முதல் நீராவிச் செலவு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அந்த மாதம்தான் நம்மவர் கதவுகளுக்கு ஸ்பிரிங் போட்டிருந்தார், ஜன்னல் இடுக்குகளில் துணி அடைத்திருந்தார், 'நீராவி உங்கள் வீட்டுப் பணம்' என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தார். தொழிலாளர்கள் அதைப் படித்துவிட்டு, எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லையே என்று சிரித்தார்கள். இப்போது மீட்டரே சாட்சி சொன்னபோது சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். காகிதம் முன்பு மாதிரியே காய்ந்தது, நீராவி மட்டும் குறைந்தது. இது எப்படி முடியும் என்று கேட்க வேண்டிய ஒரே ஆள் அவர்தான். புகழ் வாசலில் வந்து நிற்கும்போது எந்த மனிதன் அதை உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்வான்? அவரும் செய்யவில்லை. ஸ்பிரிங்தான் காரணம் என்று மனதார நம்பினார்.

ஆலை அதிபர்கள் சங்கம் சிக்கனத்துக்கான கோப்பையைத் தந்தது. சேர்மன் வாங்கிக்கொண்டார், ஜி.எம். பக்கத்தில் நின்றார், நம்மவர் அதே படத்தில் பாதித் தோளோடு தெரிந்தார். உதவி ஜி.எம். பதவி காலியாகப் போகிறது, அது இந்தத் தோளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சிக்கனம் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் கதை வேறு மாதிரி ஓடியது. பாய்லருக்குள் போகிற தண்ணீருக்குத் தனியாக ஒரு மீட்டர் உண்டு. தண்ணீர் எப்போதும் போலத்தான் போனது. வெளியே வந்து சேர்கிற நீராவி மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அப்படியென்றால் மிச்சம் எங்கே? கசிகிறது என்றார்கள். மச்சான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். நல்ல உடம்புக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர், குழாய்க்கு அடியில் முதுகால் ஊர்ந்து ஊர்ந்து வால்வு வால்வாகப் பார்த்தார். கசிவு இருந்தால்தானே கிடைக்கும்? கசியவில்லை என்றால் திருட்டு என்றார்கள். நீராவியை யார் திருடுவார்கள், எதில் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று கேட்கிற புத்தி யாருக்கும் வரவில்லை. வாசல் காவலர்கள் பாய்லர் ஆட்களின் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவருடைய பிளாஸ்க்கைத் திறந்தபோது ஆவி பறந்தது. காவலர் அதை முறைப்படி குறித்துக்கொண்டு, ஆளை ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்.

சிக்கனத்தின் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். கோப்பையின் சிறிய நகல் ஒன்று கூடத்து அலமாரியில் இருந்தது. மனைவி அதைத் தூசி தட்டும்போதெல்லாம் கொஞ்சம் பலமாகவே வைத்தாள். அவளுடைய அண்ணன் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். விசாரணைக்குத் தேதி குறித்தார்கள், அதற்கு முன்னால் அவராகவே ராஜினாமா செய்தால் மரியாதை என்று சொல்லி அனுப்பினார்கள்.

"எங்க அண்ணன் திருடன்னு நீங்க நம்புறீங்களா?" என்று ஒரு நாள் காலை மனைவி கேட்டாள்.

இல்லை என்றார். அப்படியென்றால் போய் ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவர் கருவி எஞ்சினியரிடம் போனார். தண்ணீர் மீட்டர்தான் தப்பாகக் காட்டுகிறது, அதைச் சரிபார்த்து மச்சானைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். எஞ்சினியர் நிறையப் படித்தவர், நிறையத் தெரிந்தவர், தெரிந்ததை யாருக்கும் சொல்லித் தொந்தரவு செய்யாதவர். தண்ணீர் மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற அதே குரலில், உங்கள் தகடுதான் திரும்பியிருக்கிறது என்றார்.

ஒரு காகிதத்தில் படம் போட்டும் காட்டினார். ஓட்டையின் ஒரு பக்க விளிம்பு கத்தி போலக் கூராக இருக்கும், மறுபக்கம் சரிவாகச் செதுக்கியிருக்கும். நீராவி கூரான பக்கத்தில் வந்து மோத வேண்டும். மோதி, நெருக்கியடித்துக்கொண்டு ஓட்டைக்குள் நுழையும். அதனால் தகட்டுக்கு முன்னால் ஓர் அழுத்தம், பின்னால் ஓர் அழுத்தம். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மீட்டர் கணக்குப் போடுகிறது. சரிவான பக்கம் முன்னால் வந்துவிட்டால் நீராவி வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். வித்தியாசம் குறையும், மீட்டர் குறைத்துச் சொல்லும். எவ்வளவு குறைக்கும் என்று இவர் கேட்டார். இந்தத் தகட்டுக்குக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு என்றார் எஞ்சினியர்.

"தெரிஞ்சும் ஏன் சார் சொல்லலை?"

"லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கே பாத்துட்டேன். நீங்க கோப்பையோட போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தீங்க. அப்ப வந்து சொன்னா நல்லாவா இருக்கும்?"

அன்றிலிருந்து விசாரணை நாள் வரை சிக்கனம் பட்ட பாடு கொஞ்சமல்ல. சொன்னால் பதவி போகும், கோப்பை போகும், ஆலை முழுக்கச் சிரிக்கும். சொல்லாவிட்டால் மச்சான் போவார். நடுவில் நல்லபடியாக ஒரு வழியும் இல்லையா என்று பல கோணத்தில் தேடினார். அவர் கெட்டவர் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நல்லவராக இருப்பதற்குக் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்குமா என்று பார்த்தார், நம்மில் பலரைப் போல.

விசாரணை அறையில் மச்சான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். முதுகு தரையில் உரசிக் கன்றிப்போனதால் நாற்காலியில் சாயவும் முடியவில்லை. அந்த முதுகைப் பார்த்ததும் சிக்கனம் எழுந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார், சேர்மன், எழுத்து, பாலிஷ், கூரான விளிம்பு, ஒன்று விடாமல். நீராவி ஒரு சொட்டும் மிச்சமாகவில்லை, ஒரு சொட்டும் திருட்டுப் போகவில்லை என்று சொல்லி முடித்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

யாரும் நம்பவில்லை. மச்சானுக்காகத் தன் பெயரையே கெடுத்துக்கொள்கிறார், என்ன பாசம் என்று நெகிழ்ந்தார்கள். ஜி.எம். எழுந்து வந்து தோளைத் தட்டினார். பாசம் வேறு, நிர்வாகம் வேறு என்று எடுத்துச் சொன்னார். சங்கமே பார்த்துக் கோப்பை கொடுத்த எண் எப்படித் தப்பாக இருக்கும் என்று கேட்டார். சிக்கனம் பிடித்த பிடியை விடவில்லை. வாரவிடுமுறையில் எல்லோர் முன்னாலும் தகட்டைத் திருப்பிக் காட்டுவதாகச் சொன்னார்.

அப்படியே நடந்தது. குழாய் ஆறிய பிறகு ஃபிட்டர் தகட்டை உருவினார். கூரான பக்கம் எது என்று ஜி.எம். ஓட்டையின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார், விரல் கீறி ரத்தம் எட்டிப் பார்த்ததும் அந்தப் பக்கம் கூர்தான் என்று ஒப்புக்கொண்டார். தகடு நீராவியைப் பார்த்துத் திரும்பியது. மறுநாள் காலை இயந்திரம் வழக்கமான வேகத்துக்கு வந்தது. மீட்டர் அறையில் எல்லோரும் பார்க்க முள் ஏறியது. கோப்பை வாங்கிய அளவைத் தாண்டி, பழைய அளவில் போய் நின்றது. தண்ணீர்க் கணக்கும் நீராவிக் கணக்கும் கச்சிதமாகப் பொருந்தின. மச்சான் பெருமூச்சு விட்டார். சிக்கனம் எஞ்சினியரைப் பார்த்தார், எஞ்சினியர் ஜன்னலைப் பார்த்தார்.

ஜி.எம். முகம் வெளுத்திருந்தது.

"பாத்தீங்களா? நீங்க கை வெச்ச உடனே செலவு எகிறிடுச்சு. முதல்ல அதை இருந்த மாதிரி போடுங்க."

அவர் முட்டாள் இல்லை. எல்லாம் புரிந்துவிட்டது, புரிந்ததால்தான் வெளுத்தார். கோப்பை சேர்மன் அறையில் இருக்கிறது. சேர்மனின் அறைக்குள் போய் இந்தத் தகட்டைப் பற்றி விளக்கப் போகிற ஆள் யார்? அறையில் இருந்த எல்லோரும் அந்தக் கேள்வியைத் தனித்தனியாக நினைத்துப் பார்த்து, எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஜி.எம். எஞ்சினியரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். பாய்லருக்குத் தண்ணீர் போகிற குழாயிலும் இதே மாதிரி தகடு இருக்கிறதா? இருக்கிறது என்றார் எஞ்சினியர். அதையும் திருப்பிப் போட்டால்? அதுவும் அதே அளவுக்குக் குறைத்துக் காட்டும் என்று, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார் அவர்.

அறைக்குள் ஒரு வெளிச்சம் பரவியது. தண்ணீரும் குறையும், நீராவியும் குறையும், இரண்டும் பொருந்தும். கசிவும் இல்லை, திருட்டும் இல்லை. பாய்லர் கூடத்துக்கும் சிக்கனத்தில் பங்கு உண்டு என்று அடுத்த ஆண்டு இன்னொரு கோப்பைக்கே எழுதிப் போடலாம். சிக்கனம் வாயைத் திறந்தார். அது பொய், இரண்டு தகடும் சேர்ந்து சொன்னாலும் பொய்தான் என்று சொல்லத்தான் திறந்தார். மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் மாப்ள. என் பேரு தப்பிச்சுது. இனிமே ஒரு வார்த்தை பேசாதீங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். அதைத் தியாகம் என்று குடும்பத்தில் இன்றுவரை சொல்கிறார்கள்.

இரண்டு தகடும் முதுகைக் காட்டி உட்கார்ந்தன. விசாரணை முடிந்தது, சாப்பாட்டுப் பெட்டிகள் மூடியபடியே போய் வந்தன. சிக்கனம் உதவி ஜி.எம். ஆனார், மச்சான் குடும்பத்தோடு விருந்துக்கு வந்தார், மனைவி கோப்பையை மெதுவாக எடுத்துத் துடைத்தாள். நீராவியைப் பற்றி யாரும் பேசவில்லை. அவருக்குத் தனியறை கிடைத்தது, சுழல்நாற்காலி கிடைத்தது, நன்றாகத் தூக்கம் வந்தது.

அந்த அறைக்கு ஒரு நாள் கரிக்கிடங்கின் பொறுப்பாளர் வந்தாள். வந்து ஓராண்டுகூட ஆகாதவள், அதிகம் பேசாதவள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பாய்லரில் தண்ணீர் குறைந்துவிட்டது, நீராவி குறைந்துவிட்டது, ஆனால் கரி மட்டும் பழைய அளவிலேயே போகிறது, அது எப்படி என்று அவளிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு கரியை அவள் வெளியே விற்கிறாள் என்று வதந்தி. கரியை அளக்கத் தகடு கிடையாது, எடைமேடைதான். அதைத் திருப்பிப் போட வழியில்லை.

"சிக்கனத்துல நீங்கதான் கெட்டிக்காரர்னு எல்லாரும் சொல்றாங்க சார். நீங்க ஒரு தடவை வந்து பாத்தா என் கரி எங்க போகுதுன்னு தெரிஞ்சுடும். நான் எடுக்கலை சார்."

அவளை நேருக்கு நேர் பார்க்க அவரால் முடியவில்லை. வெட்கமாக இருந்தது. மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"உங்களுக்கு இந்த ஆலையில சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களாம்மா?"

"யாரும் இல்லையே சார். ஏன் கேக்குறீங்க?"