ஒன்பது பேருக்கு ஒரு சால்வை

சால்வையைத் திருப்பிக் கேட்டது ஜீவாவின் கை. இருசம்மாள் மேடையிலிருந்து இரண்டு படி இறங்கியிருப்பாள், அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் கை நீண்டுவிட்டது.

"குடுக்கா, சீக்கிரம். அடுத்து ராதிகா நிக்குது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. கையிலிருந்த பிளாஸ்டிக் கேடயத்தைத்தான் கேட்கிறான் போலிருக்கிறது என்று அதை நீட்டினாள்.

"அது உனக்குத்தான். சால்வைய கழட்டு."

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்குன்னா? ஒன்பது பேரு இருக்காங்க, சால்வ ஒண்ணுதான்."

பதிலுக்குக் காத்திராமல் அவனே உருவினான். உருவிய வேகத்தில் அவன் நகம் அவள் கழுத்தைக் கீறியது. அரை நிமிடத்தில் அதே சிவப்புச் சால்வை, அதே ஜரிகைக் கரையோடு, ராதிகாவின் தோளில் கிடந்தது. கீழே எல்லாரும் கைதட்டினார்கள். இருசம்மாளும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டாள். அதை நினைத்தால் அவளுக்குத் தன் கைமேலேயே ஆத்திரம் வரும்.

இது நடந்தது ஆடித் தள்ளுபடி முடிந்த மறுநாள், கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில். செல்லமுத்து ஜவுளி மாளிகைக்கு வெள்ளிவிழா. மூன்று மாடிக் கடை அது. மூன்றாவது மாடியில் சால்வைக்கென்றே ஒரு ரேக் இருக்கிறது. கட்சிக்காரர்கள் வந்து கட்டுக் கட்டாக அள்ளிக்கொண்டு போவார்கள். அப்பேர்ப்பட்ட கடையால், சிறந்த பணியாளர் என்று மேடை ஏற்றிய தன் ஆட்கள் ஒன்பது பேருக்கு ஒன்பது சால்வை எடுத்து வைக்க முடியவில்லை. சொல்லுகிற நமக்கே நாக்கு கூசுகிறது, செய்தவனுக்குக் கூசவில்லை.

செய்தவன் சின்ன முதலாளி அறிவுச்செல்வன். சென்னையில் ஏதோ ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்திருந்தான். வேலையாட்களை நாலு பேர் முன்னால் பாராட்டுங்கள், அப்புறம் அவர்களே ஊரெல்லாம் கடையின் பெருமையைப் பேசித் திரிவார்கள், விளம்பரச் செலவு மிச்சம் என்று அங்கே படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். காட்டியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இவன் காதில் ஏறியது 'செலவு மிச்சம்' என்ற கடைசி இரண்டு வார்த்தைதான்.

விழா முடிந்த கையோடு உத்தரவு வந்தது. சால்வையோடு எடுத்த போட்டோவை அவரவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க வேண்டும். கீழே 'என் கடை, என் பெருமை' என்று எழுத வேண்டும். ஒரு நாளில் அது மறைந்துவிடுமாம், அதனால் பத்து நாளைக்குத் தினமும் காலையில் புதிதாகப் போட வேண்டும். ஜீவாதான் கடையின் ஃப்ளோர் மேனேஜர். ஒன்பது மணிக்கு வாசலில் நின்று ஒவ்வொருத்தர் போனையும் வாங்கிப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டான். பெருமை இருக்கிறதா என்று சோதனை போட்டு ஆளை உள்ளே விடுகிற கூத்தை வேறு எங்கே பார்ப்பது?

இருசம்மாளுக்குக் கடையின் பெருமையை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவள் ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம். பதினொரு வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், மலையிலிருந்து ஒருவர் காலில் செருப்புகூட இல்லாமல் மகள் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை கேட்டு வந்தார். அப்போது கடை ஒரே தளம்தான். பட்டுப் பக்கம் நின்ற ஆட்கள் ஒரு புடவையைக்கூடப் பிரிக்கவில்லை. "அதெல்லாம் வெல ஜாஸ்திங்க" என்று சொல்லி அவரை நிற்கவைத்தே அனுப்பப் பார்த்தார்கள். மூலையில் புடவை மடித்துக்கொண்டிருந்த இருசம்மாள் எழுந்து வந்து, அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இருபது புடவையைப் பிரித்துப் போட்டாள். கல்லாவிலிருந்த பெரிய முதலாளி செல்லமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திச் சொன்னார்:

"இனிமே மலைலேர்ந்து யார் வந்தாலும் இருசம்மாகிட்ட அனுப்புங்க. வெலய கொறைக்கறதும் கொறைக்காததும் அவங்க இஷ்டம். என்னக் கேக்க வேணாம்."

அவ்வளவுதான். மாலை இல்லை, மேடை இல்லை, கேடயம் இல்லை. அந்த ஒரு பேச்சுக்காக அவள் மலையையே இறக்கிக் கொண்டுவந்து கடையில் சேர்த்தாள். காதுகுத்தா, சடங்கா, கல்யாணமா, எதுவானாலும் "இருசம்மா கடைக்குப் போலாம்" என்றுதான் மேலே பேச்சு. கடைப் பெயர் அச்சடித்த கட்டைப் பை இல்லாத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. கடுக்காய் சந்தைக்குப் போவதும் அதில்தான், பிள்ளைகளின் புத்தகம் பள்ளிக்கூடம் போவதும் அதில்தான். இதற்கெல்லாம் எந்த ஜீவாவும் வாசலில் நின்று அவள் போனைப் பார்க்கவில்லை.

ஸ்டேட்டஸ் போட்ட முதல் நாளே நாத்தனார் பச்சையம்மாள் போன் செய்தாள். அவள் மகள் செந்தமிழ்ச்செல்விக்கு ஆவணியில் கல்யாணம்.

"அண்ணி, உங்க போட்டோவ பாத்து ஊரே பேசிக்கினு கெடக்குது. மாப்ள வூட்டுக்காரங்க வேற கேட்டாங்க. கல்யாணத்தன்னிக்கு அந்த சால்வையப் போத்திகினுதான் நீங்க பொண்ணு பக்கத்துல நிக்கணும். இப்பவே சொல்லிட்டேன்."

இருசம்மாள் "ஆவட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். உருவிக்கொண்டார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படி ஒரு அவமானத்தை எந்த வாயால் சொல்வது? கேட்டுத்தான் பார்ப்போமே என்று மறுநாள் சின்ன முதலாளியின் ஏசி அறைக்குப் போய் நின்றாள்.

"எது, ஃபங்ஷன் சால்வையா?" அறிவுச்செல்வன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது அடுத்த வருஷத்துக்கு வேணும்க்கா. அதான் போட்டோ குடுத்துட்டோம்ல?"

"ஊர்ல பாக்கணும்னு கேக்கறாங்க சார்."

"அப்ப மூணாவது மாடில ஒண்ணு வாங்கிக்குங்க. ஸ்டாஃப் தள்ளுபடி போடச் சொல்றேன்." பெரிய தர்மம் பண்ணிவிட்டவனைப் போலச் சிரித்தான். "ஆமா, மலைலேர்ந்து உங்க கல்யாணப் பார்ட்டி எப்ப வருது?"

"வியாழக்கெழம சார்."

"சூப்பர். அன்னிக்கு ஒரு ரீல்ஸ் எடுத்துரலாம்."

தனக்குப் போர்த்திய மரியாதையைத் தானே தள்ளுபடியில் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். வெளியே வந்த நிமிடமே ஸ்டேட்டஸை அழித்தாள். அடுத்த நாள் காலையில் புதிதாகப் போடவும் இல்லை. ஜீவா அவள் போனைப் பார்த்துவிட்டு வழியை மறித்தான்.

"ஸ்டேட்டஸ் எங்க?"

"எடுத்துட்டேன்."

"உன்ன யாரு எடுக்கச் சொன்னது?"

"சால்வைய நீ எடுத்தியே, உன்ன யாரு எடுக்கச் சொன்னது?"

"வாய் ஜாஸ்தியாயிடுச்சிக்கா உனக்கு. மலைலேர்ந்து எறங்கி வந்தவங்கள மேட ஏத்தி வெச்சதே தப்பு." அவன் குரலைத் தாழ்த்தவே இல்லை, பின்னால் நின்ற பெண்கள் எல்லாருக்கும் கேட்டது. "போட்டா உள்ள வா. இல்லன்னா அப்டியே பஸ் ஏறு."

அவள் பத்து நிமிடம் நடைபாதையில் நின்றாள். வியாழக்கிழமை பச்சையம்மாள் முப்பது பேரோடு வந்து இறங்கும்போது தான் தெருவில் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போட்டோவை ஏற்றினாள். 'என் கடை, என் பெருமை'. ஜீவா பார்த்துவிட்டு வழி விட்டான்.

அன்று சாயங்காலம் பச்சையம்மாளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"போத்திட்டு உருவிட்டாங்களா?"

"ஆமா."

"ஊர்ல யாருகிட்டயும் சொல்லல இல்ல?"

"உன்கிட்டதான் சொல்றேன்."

"சரி. வண்டி பேசியாச்சி, வரோம். வந்து பாத்துக்கலாம்."

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு வேன் வந்து நின்றது. பட்டுப் பிரிவு இப்போது முதல் மாடியில். முப்பது பேரும் மேலே வந்து உட்கார்ந்தார்கள், எல்லாருக்கும் கலர் பாட்டில் வந்தது. இருசம்மாள் தன் கோபத்தைப் புடவைமேல் காட்டவில்லை. இது சாயம் நிற்கும், இது நிற்காது, இந்தக் கரை நம் பெண்ணின் நிறத்துக்கு எடுக்காது என்று எப்போதும் போலச் சொல்லிச் சொல்லிப் பிரித்துப் போட்டாள். செந்தமிழ்ச்செல்வி அரக்கு நிறத்தில் முகூர்த்தப் புடவையைத் தேர்ந்தெடுத்தாள். மற்றவர்களுக்கு எடுத்ததும் சேர்ந்து கவுண்டரில் புடவை இடுப்பு உயரத்துக்கு அடுக்கியாயிற்று. இனி பில் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் அறிவுச்செல்வன் கேமராக்காரனைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தான். பின்னாலேயே ஜீவா. ஜீவாவின் கையில் அந்தச் சிவப்புச் சால்வை.

"எல்லாரும் இப்டி வந்து நில்லுங்க" என்றான் அறிவுச்செல்வன். "எங்க கடையோட சிறந்த பணியாளர், அவங்க சொந்த ஜனங்களோட. அக்கா, நடுவுல வாங்க. ஜீவா, போத்தி விடு."

ஜீவா போர்த்தினான். ஒன்பது பேரின் வியர்வையும் பவுடரும் அந்தச் சால்வையில் மணத்தது. மலைக்காரர்கள் கைதட்டினார்கள், அவர்களுக்கு என்ன தெரியும், பாவம். இரண்டு பையன்கள் தங்கள் போனிலும் வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். பச்சையம்மாள் மட்டும் தட்டவில்லை.

"ஓகே, வந்துருச்சி" என்றான் கேமராக்காரன். உடனே ஜீவாவின் கை நீண்டது.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இருசம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். சால்வையை அவளே தோளிலிருந்து எடுத்தாள். ஜீவாவிடம் கொடுக்காமல் நாலு எட்டு நடந்து போய் அறிவுச்செல்வன் தோளில் போர்த்தினாள்.

"சின்ன மொதலாளிக்கு எங்க ஊரு சார்பா ஒரு மரியாத. போட்டோ எடுப்பா."

கூட்டம் பலமாகத் தட்டியது. அறிவுச்செல்வன் எதிர்பார்க்கவில்லை, ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் குவித்துக் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடியட்டும் என்று இருசம்மாள் காத்திருந்தாள்.

"எடுத்தாச்சா? அப்ப கழட்டுங்க சார். அடுத்த ஆளு நிக்குது."

அவன் விளையாட்டு என்று நினைத்து இன்னும் சிரித்தான். அவள் ஒரே இழுப்பில் உருவினாள். அவன் சட்டைக் காலர் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. கூட்டத்தில் தட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன.

"என்ன பண்றீங்க நீங்க?"

"நீங்க பண்ணதத்தான் சார். எனக்கும் இப்டித்தான் உருவுனீங்க. ஒன்பது பேருக்கும் இந்த ஒண்ணையேதான் போத்திப் போத்தி உருவுனீங்க. இது உங்களுக்கு அடுத்த வருசத்துக்கு வேணும். பத்திரமா வெச்சிக்குங்க." சால்வையை நாலாக மடித்துப் புடவை அடுக்கின் மேல் வைத்தாள். பதினொரு வருடப் பழக்கம், ஓரம் ஓரத்தோடு சேர்ந்து நின்றது.

ஜீவா பாய்ந்து அவள் தோளைப் பிடித்தான். பச்சையம்மாள் நடுவில் வந்து நின்றாள். "கைய எடு. ஒரு தடவ எங்க அண்ணி கழுத்த கீறினது போதும்."

"வேலை வேணுமா வேணாமா உங்களுக்கு?" அறிவுச்செல்வன் காலரை இழுத்துச் சரிசெய்தான்.

"வேணாம் சார்" என்று அடையாள அட்டையைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தாள். சொல்லும்போது தைரியமாகத்தான் சொன்னாள். மாடிப்படி இறங்கும்போதுதான் நினைப்பு வந்தது. வேறு வேலை எதுவும் அவள் கையில் இல்லை. பின்னால் முப்பது பேரும் வெறுங்கையோடு இறங்கி வந்தார்கள்.

கீழே கல்லாவில் செல்லமுத்து எழுந்து நின்றார். "இருசம்மா, இன்னாம்மா ஆச்சி? ஜனமெல்லாம் ஒண்ணும் எடுக்காம போவுது?"

இவரிடம் கோபப்படக் கூடாது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் கோபம்தான் முதலில் வந்தது.

"நீங்களும் மொத வரிசைல உக்காந்து கை தட்டுனீங்களேய்யா. தொட்டுப் பாக்காமலே இது எந்த ஊரு பட்டுன்னு சொல்ற கண்ணு உங்களுது. ஒன்பது பேருக்கும் ஒரே சால்வதான்னு அந்தக் கண்ணுக்குத் தெரியலயா?"

கிழவர் மறுபடி கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். தெரிந்துதான் இருந்தது. அவள் வாசலைத் தாண்டினாள்.

அன்றைக்கு முகூர்த்தப் புடவையை வேறு கடையில் எடுத்தார்கள். வேன் மலை ஏறுவதற்குள் பையன்கள் அந்த வீடியோவை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்கள். கைகூப்பிச் சிரிக்கிற சின்ன முதலாளி, வந்து உருவுகிற கை, கோணிய காலர். இருசம்மாளின் போனிலிருந்து பார்த்து அதே வரியைக் கீழே எழுதியிருந்தார்கள்: 'என் கடை, என் பெருமை'. ஒரு நாளில் அது மறைந்துவிடும் என்பதால் தினமும் காலையில் புதிதாகப் போட்டார்கள். ஆவணி முடியும் வரை போட்டார்கள், யாரும் வாசலில் நின்று சோதனை போடவில்லை.

செந்தமிழ்ச்செல்வியின் கல்யாணத்தில் இருசம்மாள் வெறும் தோளோடுதான் பெண் பக்கத்தில் நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா சால்வை எங்கே என்று கேட்டாள். பச்சையம்மாள் போனை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தை மாசம் முடிக்கலாம்னு எங்க சின்னவனுக்கு பொண்ணு பாத்துகினு இருக்கோம்" என்றாள் இருசம்மாளிடம். "சீலைக்கு எந்தக் கடைக்குப் போலாம், நீங்களே சொல்லுங்க."