வேனைக் கொடுத்து வாங்கிய படகு

என் அக்காவின் கணவர் ராமகிருஷ்ணன் மாமா வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். முருங்கைக்காயை முறுக்குவார். தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டுவார். தர்பூசணியைத் தட்டுகிற தட்டில் அதற்கே ஜன்னி வந்துவிடும். உழவர் சந்தையில் அவர் தலை தெரிந்தால் காய்க்காரர்கள் கூடையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். இத்தனை விவரமான மனிதர்தான் ஒரு பாய்மரப் படகை, கண்ணால்கூடப் பார்க்காமல், என் அக்காவின் வேனைக் கொடுத்து வாங்கினார். எங்கள் ஊர் திருவண்ணாமலை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏற வேண்டும்.

வேன் அக்காவினுடையது என்றேன். ஓட்டியவள் அக்கா, தவணை கட்டியவள் அக்கா, அதில் சோறு ஏற்றி விற்றவளும் அக்கா. ஆர்.சி. புத்தகம் மட்டும் மாமா பேரில் இருந்தது. வாங்கும்போது வீட்டு ஆம்பளை பேரில் இருக்கட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பெரியவர்கள் சொன்னதெல்லாம் இப்படித்தான் வந்து முடிகிறது.

அக்கா சந்திரகலா தினமும் வேங்கிக்காலில், அரசு அலுவலகங்களுக்கு எதிரே ஒரு புங்கமரத்தடியில் வேனை நிறுத்துவாள். பின்கதவைத் திறந்தால் சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம். ஒரு மணிக்கு மேல் போனால் தயிர் சாதம்கூட மிஞ்சாது. அந்த மரத்தடியும் அந்த வேனும்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரியக் காரணம். மாமா? மாமா யோசனை செய்வார். காளான் யோசனை, காடை யோசனை, ஆன்மிகச் சுற்றுலா யோசனை. ஒவ்வொரு யோசனைக்கும் அக்காவின் சாம்பார்தான் முதலீடு.

படகு யோசனை ஐப்பசிப் பௌர்ணமியன்று பிறந்தது. நானும் மாமாவும் கிரிவலம் போய்க்கொண்டிருந்தோம். அடி அண்ணாமலை அருகே சுக்கு காபி குடிக்க நின்றபோது குமரேசன் என்பவர் வந்து சேர்ந்துகொண்டார். பாண்டிச்சேரியில் பழைய சாமான்களை வாங்கி விற்பவராம், நம் ஊரிலும் ஒரு குடோன் வைத்திருக்கிறாராம். நெற்றி நிறைய விபூதி, காலில் செருப்பில்லை. பேச்சுவாக்கில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பாய்மரப் படகு தன்னிடம் இருப்பதாகவும், அடிமாட்டு விலைக்குத் தரத் தயார் என்றும் சொன்னார்.

மாமாவின் கண்ணில் அப்போதே பாய் விரிந்துவிட்டது. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் மாமாவின் சொந்த ஊர் ஏரி இருக்கிறது. மழைக்கு நிரம்பிக் கிடந்தது. "மலை சுத்த வர்றவன் அடுத்த நாள் ஏரி சுத்த வரமாட்டானா?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரு தடவை பாண்டிக்குப் போய்ப் பாத்துட்டு வரலாம் மாமா," என்றேன்.

"மச்சான், மலையைச் சுத்திக்கினே பேசுறோம். வெறுங்கால்ல வர்றாரு. இந்த மனுஷன் போய்ப் பொய் சொல்லுவாரா?"

எங்கள் ஊரில் இது ஒரு நம்பிக்கை. வரப்பை வெட்டிப் பங்காளியின் நிலத்தைத் தின்றவன்கூடக் கிரிவலப் பாதையில் பொய் பேச மாட்டான் என்பார்கள். அந்தப் பேச்சைச் சந்தேகப்பட்டால் ஆளைச் சந்தேகப்பட்டதாக ஆகாது, சாமியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். குமரேசன் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அண்ணாமலையார் சாட்சி சார். இந்த மாதிரி படகு இந்த ஜில்லாவுலயே கிடையாது."

அது உண்மைதான். எங்கள் ஜில்லாவில் வேறு பாய்மரப் படகே கிடையாது. கையில் காசில்லை, வேண்டுமானால் ஒரு வேன் இருக்கிறது என்று மாமா இழுத்தார்.

"நீங்க படகைப் பாக்க வேணாம், நான் உங்க வேனைப் பாக்கல. நம்பிக்கைதான் சார்," என்றார் குமரேசன். மாமாவின் முகம் அப்படியே மலர்ந்தது. பக்தி என்று நினைத்தேன்.

அடுத்த முகூர்த்தத்தில் அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாமா வேனை ஓட்டிக்கொண்டு போய்க் குமரேசனின் குடோனில் விட்டுவிட்டு வந்தார். அக்கா திரும்பி வந்து வெறும் வாசலைப் பார்த்தாள். கத்தவில்லை. "நாளைக்குச் சோறு எதுல போகும்?" என்று மட்டும் கேட்டாள்.

"பொங்கல் வரைக்கும் பொறுத்துக்க கலா. படகு ஓட ஆரம்பிச்சா புது வேனே எடுத்துறலாம்," என்றார் மாமா.

மறுநாளிலிருந்து அக்கா ஷேர் ஆட்டோவில் பாத்திரங்களை ஏற்றிப் போனாள். ஆட்டோவில் பாதிச் சோறுதான் பிடிக்கும். மீதிப் பசியோடு நின்றவர்கள் எத்தனை நாள் நிற்பார்கள்? புங்கமரத்தின் மறுபக்கத்தில் வேறொருத்தி தள்ளுவண்டி போட்டாள். ஒவ்வொரு நாளும் நிழலில் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் நகர்ந்து வந்தாள். அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் தேய்ப்பாள். எனக்கு மாமாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

கார்த்திகையில் படகு லாரியில் வந்து ஏரிக்கரையில் இறங்கியது. பளபளவென்று நீலப் பெயின்ட். தொட்டால் விரலில் ஒட்டியது. பெயின்ட் காயாத பொருளைப் பார்த்தால் உள்ளே என்ன மறைத்திருக்கிறது என்று கேட்கத் தோன்ற வேண்டும். மாமா, "புதுசு மாதிரியே வச்சிருக்கான் பாரு," என்றார். நடுவில் நீட்டிக்கொண்டிருந்த கம்பத்தைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர் ஒருவர், "எந்தக் கட்சிக் கொடி ஏத்தப் போறீங்க?" என்று கேட்டார்.

பாயை மூட்டையிலிருந்து பிரித்தபோது உள்ளே ஓர் எலிக் குடும்பம் சௌகரியமாகக் குடியிருந்தது. பாதிப் பாயை அது தின்றும் முடித்திருந்தது. மாமா சோர்ந்துபோகவில்லை. பந்தல்காரரிடம் கொடுத்து ஓட்டைகளுக்கு எல்லாம் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வைத்துத் தைத்து வாங்கினார். யார் வீட்டுக் காதுகுத்து பேனரோ, பாயின் நடுவில் மொட்டைத்தலைக் குழந்தை ஒன்று அழுதுகொண்டிருந்தது.

பிறகு மார்கழி வந்துவிட்டது. மார்கழியில் புது வேலை தொடங்கக் கூடாது. மாதம் முழுவதும் படகு கரையில் கிடந்தது. அந்த மாதத்தில் ஒரு நாள் குனிந்து அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்திருக்கலாம். தர்பூசணியைத் தட்டுகிற விரல்தானே? மாமா பஞ்சாங்கத்தைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

தை பிறந்ததும் நல்ல நாள், நல்ல ஹோரை எல்லாம் பார்த்துப் பூஜை வைத்தார்கள். குமரேசனும் மாலையோடு வந்திருந்தார். அக்கா கரையில் தள்ளி நின்றாள். முதல் வாரச் சவாரிப் பணத்தில் வேனுக்கு முன்பணம் கட்டுவதாக மாமா சத்தியம் செய்திருந்தார். அவள் வந்தது அதற்காகத்தான். படகுக்குச் சக்கரம் இல்லாததால், அதை இழுத்து வந்த டிராக்டரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். டிராக்டர் இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

அடுத்தது தேங்காய். மாமா கண்ணை மூடி வேண்டிக்கொண்டு படகின் மூக்கில் ஓங்கி அடித்தார். தேங்காய் உடையவில்லை. படகு உடைந்தது.

பெயின்டுக்குக் கீழே மெல்லிய ஃபைபர், அதற்குக் கீழே ஊறிப் பொரபொரத்துப்போன பலகை. தேங்காய் அப்பளத்தில் விழுந்த மாதிரி உள்ளே போய்ப் பாதி உடம்போடு உட்கார்ந்துகொண்டது. ஐயர் மணியடிப்பதை நிறுத்தினார். எல்லாரும் குமரேசனைப் பார்த்தார்கள். குமரேசன் தேங்காயைப் பார்த்தார்.

"முத்தின காய் சார். கொஞ்சம் எளசாப் பாத்து வாங்கியிருக்கணும்," என்றார்.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. மாமாவுக்கு மானம் போனது. ஊரைக் கூட்டியாகிவிட்டது, கேசரி கிண்டியாகிவிட்டது, இனி எப்படி நிறுத்துவது? பைப்பு அடைக்கிற பசையை அப்பி, மேலே மஞ்சள் துணியைச் சுற்றி, அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். "சாமி உள்ளயே வந்து உக்காந்துட்டாரு, நல்ல சகுனம்," என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து ஏற்றினார். குமரேசனையும் கூப்பிட்டார்.

"எனக்குத் தண்ணின்னா தலை சுத்தும் சார்," என்றார் குமரேசன்.

விற்றவனே ஏறவில்லை. அந்த நொடியில் நான் குதித்திருக்க வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. பாய்மரம் ஓட்டத் தெரியுமா என்றால், போன மாதம் முழுவதும் போனில் வீடியோ பார்த்திருந்தார்.

காற்று வந்தது. மொட்டைத்தலைக் குழந்தை உப்பிக்கொண்டு அழுதது. படகு நிஜமாகவே நகர்ந்தது. கரையில் விசில் பறந்தது, மாமா எழுந்து நின்று வேட்பாளர் மாதிரி கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் என் பாதம் ஈரமானது. மூக்கிலிருந்து இல்லை, அடியிலிருந்து. ஒரு பக்கம் பலகை இடுக்கில், இன்னொரு பக்கம் கம்பம் நட்ட இடத்தில், பிறகு எங்கே என்று பார்க்க நேரமில்லை. கம்பத்தைப் பிடித்திருந்த போல்ட்டு துருப்பிடித்துப் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கம்பம் சாய்ந்தது, பாய் எங்கள் தலைமேல் விழுந்தது. செத்தோம் என்றே நினைத்தேன். "மாமா, உன்னை நம்பி வந்தேன் பாரு," என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

படகு தரைதட்டி நின்றது. எழுந்து நின்றால் தண்ணீர் மார்பு வரைதான். நல்ல வேளை, மாமாவுக்கு ஆழத்துக்குப் போகவும் தெரியவில்லை. தாமரைக் கொடியைக் காலில் சுற்றிக்கொண்டு இருவரும் கரைக்கு நடந்து வந்தோம். அதற்குள் குமரேசன் போய்விட்டிருந்தார். கேசரி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார் என்று பிறகு சொன்னார்கள்.

அக்கா துண்டை நீட்டினாள். "அப்போ வேனு?" என்றாள்.

மாமா தலையைத் துவட்டியபடி அவளை ஓரமாக அழைத்துப் போனார். என்னையும் கூப்பிட்டார். அவர் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு இருந்தது. அதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

"கலா, நமக்கு நஷ்டமே இல்ல. அந்த வேன் இன்ஜின் போயே போச்சு. ஆனி மாசம் எப்படிப் புகைஞ்சுது, பாத்தேல்ல? எவன் பாத்தாலும் தொடமாட்டான். அதான் குமரேசன் 'பாக்க மாட்டேன்'னு சொன்னதும் கப்புனு புடிச்சுக்கினேன். நான் படகைப் பாக்கணும்னு கிளம்பினா, அவன் வேனைப் பாக்கணும்னு வருவான். அவன் குடுத்ததும் ஓட்டை, நான் குடுத்ததும் ஓட்டை. சரிக்குச் சரி."

அதாவது கிரிவலப் பாதையில் அன்று உண்மையை மறைத்து நடந்தவர்கள் இரண்டு பேர்.

அக்கா அவரையே பார்த்தாள். "இன்ஜினை ஆடி மாசமே பிரிச்சு வேலை பாத்தாச்சு," என்றாள்.

"யாரு பாத்தது?"

"நான்தான் மெக்கானிக்கிட்ட குடுத்தேன். சீட்டுப் பணத்தை எடுத்துப் புதுசாட்டம் செஞ்சு வச்சேன். ஒரு வாரம் வண்டி வாசல்ல இல்ல. அப்பவும் ஆட்டோவுலதான் சோறு கொண்டு போனேன். நீங்க அந்த வாசல்லதான் சேர் போட்டுப் பேப்பர் படிச்சிக்கினு இருந்தீங்க."

மாமா துவட்டுவதை நிறுத்தினார். "அதான் குடோனுக்குப் போறப்ப மேம்பாலத்துல அப்படி ஏறிச்சா," என்றார் மெதுவாக. "அண்ணாமலையார் அருள்னு நெனச்சேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"கேப்பீங்கன்னு இருந்தேன்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஈர முகத்தில் அது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் நாங்கள் மூவரும் குடோனுக்குப் போனோம். வேன் கழுவித் துடைத்து நின்றது. கண்ணாடியில் 'வாடகைக்கு' என்று எழுதியிருந்தது. குமரேசன் நாற்காலி எடுத்துப் போட்டு உபசரித்தார். திருப்பித் தர மட்டும் முடியாதாம். மலையைச் சுற்றிக்கொண்டு பேசிய பேச்சை மாற்றினால் தோஷமாம்.

"வேணும்னா தினவாடகைக்கு எடுத்துக்கங்கம்மா. உங்களுக்குன்னா கம்மியாவே போட்டுத் தர்றேன்."

போலீசுக்குப் போகலாம் என்றேன். மாமா தானாகவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வண்டிக்கு என்னவென்று புகார் கொடுப்பது? அங்கே தள்ளுவண்டிக்காரி புங்கமர நிழலின் நடுவுக்கே வந்துவிட்டாள். அக்கா புடவையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

முன்பக்கம் திறந்து ஆயில் பார்த்தாள். டயரை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தாள். என்னைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பிரேக் விளக்கு எரிகிறதா என்று கேட்டாள். குனிந்து வண்டியின் அடியைத் தட்டிப் பார்த்தாள். தெருக்கோடி வரை ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்தாள். மாமா மூலையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கையில இருந்த வண்டிதானேம்மா," குமரேசன் சிரித்தார். "இவ்ளோ பாக்குறீங்களே. நம்பிக்கை இல்லையா?"

"இல்லீங்க," என்றாள் அக்கா, மாமாவைப் பார்த்து. பிறகு குமரேசன் பக்கம் திரும்பி, ஸ்டெப்னியையும் எடுத்துக் காட்டச் சொன்னாள்.