மீட்டரில் தப்பில்லை

பம்ப் அறைச் சுவரில் இருந்த சின்னத் திரை ஐயாயிரத்து எண்ணூறு என்று காட்டியது. தங்கை கையில் இருந்த துண்டால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே எண்தான். நீச்சல் குளத்துத் தண்ணீரில் உப்பு மூவாயிரத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அந்த உப்பிலிருந்துதான் இயந்திரம் குளோரின் பிரித்துத் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும். அளவு மீறி ஏறிவிட்டால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நின்றுவிட்டது என்று சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெயில் பட்டுப் பட்டுக் குளத்தின் மூலைகளில் பச்சை படரத் தொடங்கியிருந்தது. சாயங்காலம் நீச்சல் வகுப்புக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

“அந்த மீட்டர் பொய் சொல்லுதுடி,” என்றாள் பின்னால் வந்து நின்ற அக்கா. “போன மாசம் கம்மின்னுச்சு. இப்ப ஜாஸ்திங்குது. அதுக்கு என்ன தெரியும்?”

தண்ணீர் விஷயத்தில் அக்கா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. ஊருக்குக் குடிநீர் அனுப்பும் நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவள். தங்கையின் கல்யாணம் முறிந்து அவள் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தபோது, என்ன நடந்தது என்று அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓய்வு பெற்ற கையோடு வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் குளம் வெட்ட ஆள் கூட்டி வந்தாள். “உனக்குத் தெரிஞ்சது நீச்சல், எனக்குத் தெரிஞ்சது தண்ணி. ரெண்டு பேருக்கும் பொழுது போகணுமில்ல,” என்றாள். போட்டிகளில் நீந்தி நீந்தி வலது தோள் தேய்ந்துபோய், குடத்தைக்கூடத் தூக்க முடியாமல் இருந்த தங்கைக்கு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவாவது முடியும் என்பதே அப்போது பெரிய தெம்பாக இருந்தது. வகுப்பில் தங்கை சின்ன மிஸ். குளக்கரையில் விசிலோடு நின்று தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கும் அக்கா பெரிய மிஸ். எந்தப் பிள்ளை மூச்சடக்கப் பயப்படும், எது பொய்யாக இருமும் என்பதெல்லாம் பெரிய மிஸ்ஸுக்கு அத்துப்படி. உப்பு, அமிலம், வடிகட்டி கழுவுவது எல்லாம் அவள் பொறுப்பு. எதையும் எழுதி வைக்க மாட்டாள். எல்லாம் தலைக்குள் இருக்கிறது என்பாள். இருந்தது.

குளம் பழுது பார்ப்பவர் மறுநாள் வந்தார். பம்ப்பின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார் என்பதால் அவருக்கு டாக்டர் என்று பெயர் வைத்தவளும் அக்காதான். அவர் குழாயிலிருந்து, குளோரின் பிரிக்கும் தகடுகள் இருந்த பெட்டியைக் கழற்றி, அமிலக் கரைசலில் அமிழ்த்தினார். வெள்ளையாகப் படிந்திருந்த சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்தது. கழுவி மாட்டிவிட்டுப் பார்த்தார். எண் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறிற்று. தண்ணீரின் சூட்டை அளக்கும் கம்பியைச் சோதித்தார், சரியாக இருந்தது. ஒயர்கள் சரியாக இருந்தன. தன் பையிலிருந்த கைமீட்டரைக் குளத்தில் முக்கிப் பார்த்தார். அதுவும் அதையே சொன்னது. ஒவ்வொன்றாக அவர் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே போனார். எங்கேயாவது ஒரு ஒயர் அறுந்திருக்கக் கூடாதா, ஒரு தகடாவது கெட்டுப் போயிருக்கக் கூடாதா என்று தங்கையின் மனது அலைந்தது. ஏனென்றால் சில நாட்களாக அவள் வேறு சிலவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாகச் சேர்ந்த பையனிடம் அக்கா அவன் பெயரைக் கேட்டுவிட்டு, அவன் உடை மாற்றி வருவதற்குள் மறுபடி கேட்டாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிப் பாத்திரம் கருகியது. கொட்டகையில் காலி உப்புப் பைகள் ஒழுங்காக மடிக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக உயர்ந்துகொண்டே வந்தன. அவற்றை எண்ணிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

கிளம்பும்போது டாக்டர் வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார். “தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாதுங்க. ஆனா இந்த அளவுக்குத் தானா கூடவும் செய்யாது. உப்பு யாரு போடறது?”

“அக்காதான்.”

டாக்டர் பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதுத்தண்ணீர் விடச் சொல்லிவிட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடுவதிலேயே கவனமாக இருந்தார்.

அப்படியே செய்தார்கள். எண் இறங்கியது, குளம் தெளிந்தது, பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு வாரம் போவதற்குள் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது.

அன்று மதியம் தங்கை மாடியில் ஈரத் துண்டுகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். கீழே அக்கா கொட்டகையிலிருந்து உப்பு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். கத்தரிக்கோலால் வாயை வெட்டி, குளத்தின் ஓரமாக நடந்துகொண்டே சீராகக் கொட்டினாள். நீண்ட துடைப்பத்தைத் தண்ணீருக்குள் விட்டு அடியில் கிடந்த உப்பைக் கலைத்துவிட்டாள். பையை உதறி மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். குழாயில் கை கழுவும் சத்தம் கேட்டது, டீ போடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா மறுபடி வெளியே வந்தாள். வானத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். திரையை அவள் பார்க்கவே இல்லை. அதுதான் பொய் சொல்கிறதே. கொட்டகைக்குப் போய் இன்னொரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து, அதே பொறுமையோடு வாயை வெட்டினாள். மேலிருந்து ஒரு சத்தம் கொடுத்தால் போதும். தங்கை கொடியில் கிடந்த துண்டை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் வகுப்பைத் தள்ளி வைத்துவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டு மீட்டரை மாற்றிவிடச் சொன்னாள். புதுசு போட்டாலும் அதையேதான் காட்டும் என்று அவர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அவர், புது மீட்டர் வரும்வரை இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று தன் கைமீட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் தங்கை எழுந்து வந்தபோது அக்கா சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். எதிரே சின்னத் தராசு, கார் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் பாட்டில், ஒரே மாதிரியான மூன்று கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொரு ஜாடியின் முன்னாலும் உப்பின் அளவு எழுதிய ஒரு காகிதத் துண்டு. பரிசோதனைக் கூடத்து மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்ததுபோல அத்தனை ஒழுங்கு.

“ஒரு லிட்டர் தண்ணியில மூணு கிராம் உப்பு கரைச்சா மூவாயிரம் காட்டணும்,” என்றாள் அக்கா. “ரெண்டு, மூணு, நாலுன்னு கலக்கி வச்சிருக்கேன். நீ வந்து படி. என் கண்ண நான் நம்பல.”

தங்கை கைமீட்டரை ஒவ்வொரு ஜாடியாக முக்கினாள். இரண்டாயிரத்தை ஒட்டி ஒன்று. மூவாயிரத்தை ஒட்டி ஒன்று. நாலாயிரம். முடிந்தால் வேறு எண்களைப் படித்திருப்பாள். ஆனால் அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மீட்டர்ல தப்பில்ல,” என்றாள் அக்கா. கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். “விடியக்காலையிலயே இதக் குளத்துலயும் முக்கிப் பாத்துட்டேன். அப்ப உப்பு நெஜமாவே கூடியிருக்கு. யாரோ போடறாங்க. நீ போட்டியா?”

“ஆமாக்கா. நான்தான் போட்டேன். உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்.”

அக்கா அவளையே பார்த்தாள். கோபம் இல்லை. சின்ன வயதில் தங்கை எதையாவது உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டபோது பார்த்த அதே பார்வை.

“உன் தோளுக்கு அந்த மூட்டைய நகத்தக்கூட முடியாதேடி.”

அக்கா ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவும் தொட்டியில் கொட்டினாள். கொட்டிவிட்டுத் திரும்பாமலே கேட்டாள், எத்தனை நாளாகத் தெரியும் என்று. தங்கை மேசையில் கிடந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்கினாள். அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள்.

“உப்பு போனாப் போகுது. தண்ணிய மாத்திக்கலாம்,” என்றாள். “பிள்ளைங்க தண்ணியில இருக்கும்போது மட்டும் என்னக் கரையில தனியா நிறுத்தாத. எனக்கு எண்ணிக்க விட்டுப்போச்சுன்னா?”

அன்றைக்கே வகுப்பு நின்றது. பெற்றோர்களிடம் இயந்திரம் பழுது என்று சொல்லிக்கொண்டார்கள். மருத்துவமனையில் அக்காவைக் கடிகாரம் வரையச் சொன்னார்கள், ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுப் பிறகு கேட்டார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். நோய்க்கு ஒரு பெயர் இருந்தது. சரியாகுமா என்று தங்கை கேட்டதற்கு, மெதுவாக்கலாம் என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்ததும் அக்காவே கொட்டகையைப் பூட்டிச் சாவியைத் தங்கை கையில் வைத்து விரல்களை மூடினாள். மறுநாள் பூட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றாள். யார் பூட்டினது, என் வீட்டில் எனக்கே பூட்டா என்று வாய்க்கு வந்தபடி பேசினாள். ராத்திரி சாப்பிடும்போது அக்கா தட்டைப் பார்த்தபடி, “நான் ஏதாவது பேசியிருந்தா மனசுல வச்சுக்காத,” என்றாள். என்ன பேசினாள் என்பது அவளுக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை.

கூடின உப்பைக் குறைக்க மறுபடியும் தண்ணீரை வெளியேற்ற வேண்டியிருந்தது. டாக்டர் குழாயைப் போட்டு மோட்டாரை ஓடவிட்டுவிட்டுப் போனார். பிற்பகல் முழுவதும் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. ஆழம் குறைந்த பக்கத்தில் முதலில் படிகள் வெளியே தெரிந்தன, பிறகு தரையின் நீல ஓடுகள். வெயிலில் அவை உடனுக்குடன் காய்ந்து மேலே வெள்ளை பூத்தன.

தங்கை டீயோடு வந்தபோது அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள். தங்கை கோப்பைகளைத் தரையில் வைத்துவிட்டு ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தாள். இத்தனை வருடமாகக் கரையிலேயே நின்று பார்த்துக்கொண்ட தண்ணீரில் அக்கா ஒரு நாளும் கால் நனைத்ததில்லை. இப்போது சரிவில் நடந்து போய்த் தண்ணீர் தொடங்கும் இடத்தில் நின்றாள். விரல்கள் மட்டும் நனைந்தன.

“சில்லுனு இருக்குடி,” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விரல்களை விட்டு விலகிப் போனது. அக்கா அதைப் பார்த்தாள். ஒரு அடி முன்னால் வைத்தாள். விரல்கள் மறுபடி நனைந்தன. அது விலகியது, அவள் இன்னொரு அடி வைத்தாள். முழங்கையை விடாமல் தங்கையும் சரிவில் அவள் பின்னாலேயே இறங்கினாள்.