சந்தனம் வைத்த கை

எழுபதாம் வருஷம் மலாயாவிலிருந்து திரும்பியவர்கள் டிரான்சிஸ்டர் கொண்டுவந்தார்கள், பூப்போட்ட கைலி கொண்டுவந்தார்கள், கோடாலித் தைலம் கொண்டுவந்தார்கள். பொன்னழகு ஒரு ரம்பம் கொண்டுவந்தான். பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் சங்கிலி சுழன்று மரத்தை அறுக்கும் மெஷின் ரம்பம். எஸ்டேட்டில் கழித்துப் போட்டதை மலிவாக வாங்கியது. சின்னது, பிடி மேலேயே இருக்கும், தூக்குச்சட்டியைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு மரமேறலாம். செக்காலைத் தெருவில் அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர்கள், "இத வச்சு முருங்கைதான் வெட்டலாம்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

சிரித்தவர்களே பிறகு ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். ஓட்டின் மேல் சாய்ந்த வேப்பங்கிளை, கிணற்றுக்குள் இலை கொட்டும் புளியங்கிளை, இப்படிச் சில்லறை வேலைகளுக்கு அவனை விட்டால் ஆளில்லை என்றாகிவிட்டது.

மெஷின்தான் சின்னதே தவிர, அதற்குச் செய்ய வேண்டிய சவரட்சணை புது மாப்பிள்ளைக்குச் செய்வதுபோல. பெட்ரோலில் ஆயிலை அளந்து கலக்க வேண்டும். உருட்டு அரத்தால் பல் பல்லாகத் தீட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வேலை முடிந்ததும் மூடியைக் கழற்றி, உள்ளே சங்கிலிக்கு எண்ணெய் வரும் துளையில் அடைந்த மரத்தூளைச் சுரண்டி எடுப்பது. எண்ணெய் வராவிட்டால் சங்கிலி சூடேறி அறுந்துவிடும். முதல் வருஷம் முழுக்க ஒழுங்காகச் செய்தான். அப்புறம் எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஒரு மிதப்பு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூலையில் வைக்க ஆரம்பித்தான்.

அவன் பெண்டாட்டி நாகவல்லிக்குக் கைராசிக்காரி என்று தெருவில் பேர். பங்குனியில் அம்மனுக்கு முளைப்பாரி போட்டால் முதல் பிடி விதை அவள் கையால்தான் விழ வேண்டும். புது வீட்டில் பால் காய்ச்சவும் அவள்தான் அடுப்பு மூட்ட வேண்டும். கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தவிர ஒன்றுமில்லாதவளுக்கு அந்தப் பேர் நகைக்கும் மேலாக இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினை மேலாக மட்டும் துடைத்து அவளிடம் கொடுத்தான். புருஷனுக்குச் சோறு போடுகிற சாமான் அல்லவா? மூடியிலும் பிடியிலும் சங்கிலி ஓடும் பட்டையிலும் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தாள். மறுநாள் விஜயதசமி. முதல் வேலை தெருவிலேயே பெரிய வீடான தேனம்மை ஆச்சி வீட்டுப் பின்கட்டில், ஓட்டின் மேல் சாய்ந்த வேம்பில். பூஜைப் பொரியை ஆச்சிக்குக் கொடுக்க நாகவல்லியும் கூடப் போனாள்.

வேம்பின் மேலேறிக் கிளையில் ரம்பத்தை வைத்தான். கொஞ்ச நேரத்தில் புகை கிளம்பியது. அவன் சுதாரிப்பதற்குள் சங்கிலி அறுந்து காதோரம் பறந்து போய் ஓட்டில் விழுந்தது. மெஷினை அணைத்துவிட்டு இறங்கினான்.

"என்னப்பா ஆச்சு?" என்று ஓடிவந்தாள் ஆச்சி. வேலைக்காரர்கள் கூடிவிட்டார்கள். பயமும் வெட்கமும் பொங்கி வந்த வேகத்தில் அவன் கண்ணில் பட்டது, பொரித் தட்டோடு நின்ற நாகவல்லிதான்.

"எல்லாம் இவ பண்ணுன வேலை ஆச்சி! சந்தனத்த அப்பி எண்ணெய் ஓட்டையை அடச்சுப்புட்டா. இவ கை பட்டுச்சு, என் உசுரே போகத் தெரிஞ்சுச்சு!"

நாகவல்லி தட்டை நீட்டினாள். ஆச்சி தட்டை வாங்கிக்கொண்டாள். பொரியை யாரும் தொடவில்லை.

சாயங்காலம் வீட்டில் மெஷினைக் கழற்றினான். சந்தனம் வெளியே வைத்தது வைத்தபடி காய்ந்திருந்தது. அவள் விரல் எட்டவே முடியாத உள்பக்கத் துளையில், அவன் சுரண்டாமல் விட்ட மரத்தூள் கறுத்து இறுகிக் கிடந்தது. அடுப்படியில் அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான், "சோறு ஆயிருச்சா?" என்றுதான் வந்தது. பாவி மனுஷன், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

பங்குனி வந்தது. முளைப்பாரி போடும் நாளில் நாகவல்லி விடியலிலேயே தலைக்குக் குளித்து, வெளுத்து மடித்து வைத்த சேலை கட்டிக் காத்திருந்தாள். அவளைக் கூப்பிட யாரும் வரவில்லை. தெருக்கோடியில் குலவைச் சத்தம் கேட்டது. முதல் பிடியை எதிர்வீட்டுக் கண்ணாத்தாள் தூவினாளாம். நாகவல்லி எழுந்து போய்ப் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு பாத்திரம் விளக்க உட்கார்ந்தாள். அதைப் பார்த்த பொன்னழகு துண்டை எடுத்துத் தோளில் போட்டான். நேரே தேனம்மை ஆச்சி வீட்டுக்கு ஓடினான்.

"ஆச்சி, அன்னைக்கு நான் சொன்னது பொய். தப்பு என் மேல. மரத்தூள நான்தான் சுத்தம் பண்ணாம விட்டேன். அவ கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

ஆச்சி அவனை வாஞ்சையோடு பார்த்தாள். "பொண்டாட்டிய விட்டுக் குடுக்காமப் பேசுற. நல்ல மனசுப்பா உனக்கு."

தெருவில் நாலு பேரிடம் சொன்னான். நாலு பேரும் ஆச்சி சொன்னதையேதான் சொன்னார்கள். முடிவில் அவளிடமே எல்லாவற்றையும் கொட்டினான்.

"சரி, விடுங்க" என்றாள். "எனக்காக ஊரெல்லாம் போயிப் பொய் சொல்லிக்கிட்டு இருக்கீக. எதுக்கு?"

பினாங்கிலிருந்து வந்த ஒருவர் மூலம் புதுச் சங்கிலி கிடைத்தது. பொன்னழகு மெஷினைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டான். ஒரு வேலைகூடத் துளையைச் சுரண்டாமல் முடிந்ததில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு மெஷினைப் பளபளவென்று துடைத்து அவள் முன்னால் வைத்து, சந்தனக் கிண்ணத்தையும் நீட்டினான்.

"நீ வச்சாத்தான் ஆச்சு, வல்லி."

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "வேணாங்க. மரத்து மேல ஏறி நிக்கிறவுக நீங்க. என் கை வேணாம்."

எவ்வளவு கெஞ்சியும் அவள் கையை வெளியே எடுக்கவில்லை. அவனே பொட்டு வைத்தான். பொட்டு கோணிக்கொண்டது.

மறுநாள் காலையில் வாசலில் வைத்துக் கயிற்றை இழுத்தான். எப்போதும் ஏழெட்டு முறை இழுக்க வைக்கும் மெஷின், அன்று முதல் இழுப்பிலேயே படபடவென்று ஓடியது. நாகவல்லி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். ஒரு வருஷமாக அவன் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில்.

"பாத்தீகளா?" என்றாள். "நான் தொடாம இருந்ததுக்கு எம்புட்டு நல்லா ஓடுது!"