மூன்றாவது ஆணி

ஜெஸீமுக்கு எதைப் பார்த்தாலும் பிடியில்தான் குற்றம் தெரியும். லுணுகலை பஜாரில் முப்பது வருஷமாகக் கத்திக்குப் பிடி போடுகிற மனுஷனுக்கு வேறென்ன தெரியும்? தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற ஆள் கையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றாலும், "பிடி சரியில்ல, கை என்ன செய்யும்?" என்பார். அதையே மனைவி ஸல்மாவுக்கும் சொன்னார் பாருங்கள், அங்கேதான் பிழையாகிப் போனது.

ஸல்மாவுக்குப் பாரிசவாதம் வந்து எட்டு மாதம். கால் ஒருமாதிரி நடைக்கு வந்துவிட்டது. வலது கை மடங்கும், நீளும். தொட்டது மட்டும் தெரியாது. கத்தியைக் கொடுத்தால் எப்போது நழுவியது என்றே தெரியாமல் விழுந்து கிடக்கும். பண்டாரவளையில் இருக்கும் மகள் ஷிப்னா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை வாறேன் வாப்பா. உம்மா தனிய ஒரு கறி ஆக்கிக் காட்டட்டும். ஏலாட்டி என்னோட கூட்டிட்டுப் போயிருவேன்."

அவள் வீட்டில் இன்னும் ஒரு ஆளுக்குத்தான் இடம். ஜெஸீம் கடையைக் கட்டிக்கொண்டு இங்கே கிடக்க வேண்டியதுதான். முப்பத்தாறு வருஷத்தில் ஆஸ்பத்திரி நாட்களைத் தவிர இருவரும் பிரிந்து படுத்ததில்லை.

நான்கு பிடி செய்து பார்த்தார், நான்கும் ஸல்மாவின் கையில் நிற்காமல் விழுந்தன. ஐந்தாவதைப் பலா மரத்தில் தடிப்பாகச் செதுக்கினார். பிடியை அலகோடு இறுக்கும் ஆணிக்குத்தான் அதிகம் யோசித்தார். இரும்பு வேண்டாம், துரு ஏறிப் பிடியை வெடிக்க வைத்துவிடும். அலுமினியம் கையில் கறுப்பு ஒட்டும். கடைசியில் பித்தளைக் கம்பியில் மூன்று துண்டு வெட்டினார். வழக்கமாக ஆணித் தலையை மரத்தோடு மரமாக அராவிவிடுவார். தடவினால் ஆணி இருப்பதே தெரியக் கூடாது. இந்தக் கத்தியில் வேண்டுமென்றே மிளகளவு புடைக்க விட்டார். மூன்று புடைப்பும் உறுத்தினால் உள்ளங்கை விழித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. பைத்தியக்காரக் கணக்குதான், ஆசை யாரை விட்டது?

இரண்டு ஆணித் தலைகளைத் தட்டி, உருட்டி, வழவழப்பாக்கினார். மூன்றாவதைத் தட்டி விரித்ததோடு சரி, பொறுக்கவில்லை. பிடித்துப் பார்த்துவிட்டுத் தரட்டும், பிறகு அராவலாம் என்று அப்படியே கொண்டுபோய் அவள் கையில் வைத்தார்.

"தெரியுதா ஸல்மா?"

ஸல்மா அவர் முகத்தைப் பார்த்தாள். "தெரியுது."

"எத்தன?"

"மூணும் தெரியுது."

கத்தி விழவில்லை. ஜெஸீமுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அரத்தை அவர் மறந்தே போனார்.

வெள்ளிக்கிழமை ஷிப்னா வந்து குசினிக் கதிரையில் உட்கார்ந்தாள். ஸல்மா இடது கையால் பீட்ரூட்டை அமுக்கிப் பிடித்து வெட்டத் தொடங்கினாள். மெதுவாகத்தான், ஆனாலும் வில்லை வில்லையாக விழுந்தது. ஷிப்னாவின் முகம் இளகியது. "அப்ப உம்மா இங்கேயே இருக்கட்டும் வாப்பா" என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

ஜெஸீம் கிட்டே போனார். பலகையெல்லாம் சிவப்பு. பீட்ரூட் என்றால் அப்படித்தான். ஆனால் பீட்ரூட் படாத வலது மணிக்கட்டிலும் ஒரு சிவப்புக் கோடு இறங்கிச் சட்டைக் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் மெல்ல அவள் விரல்களைப் பிரித்தார். மூன்றாவது ஆணியின் அராவாத பிசிறு உள்ளங்கையை ஆழமாகக் கிழித்திருந்தது. ஸல்மாவின் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

அன்றைக்கு அவள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள் என்பது அவருக்கு இப்போது விளங்கியது.

ஷிப்னா இன்னும் பார்க்கவில்லை. பொத்திவிட்டால் முடிந்தது. அவர் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பொத்திப் பிடித்தபடியே நின்றார்.

"உம்மாட உடுப்பெல்லாம் மேல் தட்டுல இருக்கு மகள்," என்றார். "எடுத்துப் பையில அடுக்கு."

ஸல்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், நல்லாத்தானே வெட்டுறேன்?"