சிக்னல் ஒயர்

“இன்ஜின் ஓடும்போது மட்டும் டிரெய்லர் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறதுதான் இந்த ரிலே, அத்தை.”

“அந்தக் கதையெல்லாம் எனக்கெதுக்குடி? வழியில வண்டி மக்கர் பண்ணாம இருந்தா சரி.”

நேற்று மாமியார் சொன்னது, காரின் பானெட்டுக்குள் குனிந்திருந்த மருமகளுக்கு நினைவு வந்தது. ஆட்டோ எலக்ட்ரீஷியனான அவள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். மாமனாரும் மாமியாரும் மறுநாள் காலையில் காரின் பின்னால் பூட்டிய டிரெய்லர் வீட்டோடு ஊர் சுற்றக் கிளம்பினால், பிரசவம் முடிந்துதான் திரும்புவார்கள். ‘நான் சமாளிச்சுக்குவேன், போயிட்டு வாங்க’ என்று வீறாப்பாகச் சொன்னதும் அவளேதான்.

இன்ஜின் ஓடுவதை ரிலேக்குச் சொல்லும் சிக்னல் ஒயரை நேரே பேட்டரியில் கொடுத்துவிட்டால் போதும். இன்ஜினை நிறுத்திய பிறகும் இரண்டு பேட்டரிகளின் இணைப்பு விடாது. டிரெய்லரின் ஃபிரிட்ஜ் விடிவதற்குள் கார் பேட்டரியையும் காலி செய்துவிடும், வண்டி கிளம்பாது. ஒயரைப் பிடித்த கை பேட்டரி பக்கம்தான் போயிற்று.

“இன்னும் முடியலையாடி? உன் மாமனார் இப்பவே பெட்டி மேல ஏறி உக்காந்துட்டார்!” மாமியார் தண்ணீரோடு வந்து, அவள் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தாள்.

மருமகள் ஒயரை எடுத்து, இன்ஜின் ஓடினால் மட்டும் கரண்ட் வரும் முனையில் இறுக முடுக்கினாள்.

“முடிஞ்சுது அத்தை. வண்டி எங்கயும் நிக்காது.” பானெட்டை மூடினாள். “ஆனா குழந்தை பிறக்குற வரைக்கும் போகாதீங்களேன். எனக்குப் பயமா இருக்கு.”