விளம்பரத்துக்கு முன்பே போன விண்ணப்பம்

காலையில் அக்கா போனில் பேசி அனுப்பியதைக் கேட்டதிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"டேய், குடைக்காரர் கெடச்சுட்டாருடா! பழைய கம்ப்யூட்டர் விளையாட்டெல்லாம் சேத்து வச்சிருக்காங்களாம் நெட்டுல ஒரு எடத்துல, மாமா தேடிப் புடிச்சாரு. மத்தியானம் சாப்பிட வந்துடு. நாம ரெண்டு பேரும் உக்காந்து ஆடணும்."

இவ்வளவுதான் சேதி. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆள் ஒன்றும் கோழை இல்லை. லிஃப்ட் மெக்கானிக். பதினோராவது மாடி உயரத்தில், கம்பியில் தொங்கும் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு சினிமாப் பாட்டுப் பாடுகிறவன். அப்பேர்ப்பட்டவன் அன்று அக்கா வீட்டு வாசல்வரை போய்விட்டு, தண்ணீர் பாட்டில் வாங்குகிற சாக்கில் தெருமுனைவரை திரும்பி நடந்தான். வாங்கிய தண்ணீரைக் குடிக்கவும் இல்லை.

குடைக்காரர் என்பது அவர்கள் வைத்த பெயர். கறுப்புக் கோட்டும் தொப்பியும் தொப்பையுமாக ஒரு குட்டி மனிதர், குடையை விரித்துக்கொண்டு கூரைக்குக் கூரை தாவுவார். காக்காய்கள் தொப்பியைக் கொத்திக்கொண்டு போகும். தொப்பி போனால் ஆட்டம் போச்சு. தாவும்போதெல்லாம் கம்ப்யூட்டர் விக்கல் எடுத்தது மாதிரி சத்தம் போடும். அந்தக் காலத்தில் இந்த மாதிரி விளையாட்டெல்லாம் கடையில் வாங்குவது இல்லை. ஃப்ளாப்பியில் கை மாறிக் கை மாறி வரும். முப்பது நாள் சும்மா ஆடலாம். அதற்குப் பிறகும் ஆட வேண்டுமென்றால் எங்கேயோ கடல் தாண்டி இருக்கும் முகவரிக்குப் பணம் அனுப்பச் சொல்லி ஒரு பக்கம் வந்து நிற்கும், நகராது. அனுப்பியவர் யாரையும் அவன் பார்த்ததில்லை.

அவனுக்கு அப்போது பதினேழு வயது. முப்பத்தோராவது நாள் குடைக்காரர் கதவைச் சாத்தியதும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளி, முதல் நாளுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டால், பாவம், அந்த விளையாட்டு நம்பிவிடும். ஆடி முடித்ததும் தேதியைப் பழையபடி திருப்பி வைத்துவிட வேண்டும். தினமும் வைத்தான். ஒரு நாள் மறந்துவிட்டான்.

அந்த ஒரு நாளில்தான் அக்கா விண்ணப்பம் அடித்தாள். வரைபட அலுவலகத்தில் வரைவாளர் வேலை. அவளுக்கு இருபத்திரண்டு வயது, கையில் டிப்ளமோ, கோடு போட்டால் ஸ்கேல் தோற்கும். கடிதத்தின் தலையில் தேதி தானாக வந்து உட்காரும், அவள் அதைக் கவனிக்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. விளம்பரம் வெளியாவதற்கு முப்பத்தெட்டு நாள் முன்பே எழுதப்பட்ட விண்ணப்பத்தை ஏற்பதற்கில்லை என்று ஒரே வரி.

குடும்பமே விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே போனாலும் யாராவது ஒருவர், "இவதான் விளம்பரம் வர்றதுக்கு முன்னாடியே வேலைக்குப் போட்டவ!" என்று ஆரம்பிப்பார். அவனும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறான். இருபத்தாறு வருடம் சிரித்திருக்கிறான். அந்தத் தேதி எப்படித் தப்பாயிற்று என்பதை மட்டும் அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அக்கா அதற்குப் பிறகு எந்த வேலைக்கும் விண்ணப்பம் போடவில்லை. ஒரு படச்சட்டக் கடையில் கேட்ட மாத்திரத்தில் சேர்த்துக்கொண்டார்கள், அங்கேயே இருந்துவிட்டாள். மூன்று முறை அளக்காமல் ஒரு சட்டத்தையும் வெட்டமாட்டாள். முதலாளிக்கு அதில் ரத்தக்கொதிப்பு.

சாப்பாட்டில் அவனுக்கு மனம் செல்லவில்லை. "என்னடா, கோழி கிளறுற மாதிரி கிளறுற?" என்றாள் அக்காவோடு இருக்கும் அம்மா. அக்கா புருஷன் இரண்டாம் முறை பரிமாற வந்தபோது, கையால் தட்டை மறைத்தான். அக்காவோ பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து, கை கழுவி, அவன் சட்டையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப்போனாள். ஐம்பதை நெருங்குகிறவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

திரையில் அதே கூரைகள். அதே விக்கல். அக்கா முதல் தாவலிலேயே தொப்பியைப் பறிகொடுத்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தாள்.

"ஒரு நாள் திடீர்னு ஃப்ளாப்பி கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்ட. எவ்வளவு வருத்தமா இருந்துச்சு தெரியுமா? வேலையும் இல்ல, குடைக்காரரும் இல்ல."

ஃப்ளாப்பி கெட்டுப்போகவில்லை. பதில் கடிதம் வந்த அன்றே அவன் அதை உடைத்துச் சாக்கடையில் போட்டிருந்தான். இப்போது எழுந்து ஜன்னலைத் திறந்தான். மறுபடி சாத்தினான்.

"உக்காருடா, மேலேயும் கீழேயும் போய்க்கிட்டு. உன் லிஃப்டாட்டம்." அவள் திரையில் வந்த வரியைப் படித்தாள். "இன்று முதல் நாள், இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்குன்னு போட்டிருக்கு. ஏன்டா, முப்பது நாள்தானே? நாம ரெண்டு மாசத்துக்கு மேல ஆடினோமே. எப்படி?"

ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒன்றுக்கு மூன்றாக நாக்கு நுனியில் தயாராக இருந்தன. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோதுதான் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

"தேதிய மாத்துவேன்க்கா."

"எதோட தேதிய?"

"கம்ப்யூட்டரோடத. ஆடறதுக்கு முன்னாடி பின்னால தள்ளிடுவேன். ஆடினப்புறம் சரி பண்ணிடுவேன். ஒரு நாள் சரி பண்ணல."

அக்காவின் விரல் விசையிலேயே நின்றது. குடைக்காரர் நடுக்கூரையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். காக்காய் வந்து தொப்பியை எடுத்துக்கொண்டு போனது. அவள் பார்க்கவில்லை.

"என் விண்ணப்பம் அடிச்ச அன்னிக்கா?"

"ஆமா."

"வேலை போனது என்னாலதான்க்கா" என்று அவன் தொடங்கியதை அவள் காதில் வாங்கவே இல்லை.

"வேலை கெடக்கட்டும். கெடச்சிருக்குமோ என்னவோ. அன்னிக்கு அப்பாகிட்ட நான் என்ன சொன்னேன்? தேதிய நான் அடிக்கல, கம்ப்யூட்டர்தான் தப்பாப் போட்டுச்சுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"மெஷின் பொய் சொல்லாது, உனக்குத்தான் கவனம் போதாதுன்னாரு. நீ எங்க இருந்த அப்போ?"

"கதவுகிட்ட."

"கதவுகிட்ட" என்றாள் அக்கா, அவன் சொன்னதைத் திருப்பி. "நானே நம்பிட்டேன்டா. ரெண்டு நாள் சண்டை போட்டேன், மூணாம் நாள் நானே நம்பிட்டேன். சரி, நாமதான் கவனம் கெட்டவன்னு. அடுப்ப அணைச்சோமான்னு பாதி வழியிலேர்ந்து திரும்பி வருவேன். எம் பொண்ணு பரிட்சை நம்பர் எழுதினா பக்கத்து வீட்டம்மாவக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்வேன். என் கண்ண நானே நம்பறதில்ல."

வேலைக்காகத்தான் இத்தனை வருடம் உள்ளுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். அவளிடமிருந்து தான் எடுத்துக்கொண்டது வேறொன்று என்பது இப்போதுதான் உறைத்தது.

"என்ன நாலு அறை அறஞ்சுடுக்கா."

"அறஞ்சா உனக்கு சுகமா இருக்கும். எழுந்திரு. வா."

கூடத்தில் அம்மா பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா புருஷன் கை துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவனை நடுவில் நிறுத்தினாள்.

"சொல்லு."

சொன்னான். தேதி, குடைக்காரர், மறந்துபோனது எல்லாவற்றையும். நடுவில் ஒரு அசட்டுச் சிரிப்பும் சேர்ந்துகொண்டது. அதுதான் வினையாகிவிட்டது.

"அடப் பாவி!" என்று அம்மா குலுங்கிச் சிரித்தாள். "அப்ப விளம்பரத்துக்கு முன்னாடியே போட்டவ நீதானா!" அக்கா புருஷனும் சேர்ந்துகொண்டார்.

"சிரிக்காதீங்க" என்றாள் அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. "இன்னொரு தடவ சொல்லுடா. சிரிக்காம சொல்லு."

அவன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கத்தில் தொங்கவிட்டான். முதலிலிருந்து சொன்னான். இந்த முறை அப்பா கேட்டதையும், அக்கா அழாத குறையாகச் சொன்னதையும், கதவோரம் நின்று தான் வாயைத் திறக்காததையும் சேர்த்துச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னிக்கு நீ சொன்னது நெசந்தானாடி?"

"நெசந்தாம்மா" என்றாள் அக்கா. "கம்ப்யூட்டர்தான் தப்பு. அன்னிக்கே சொன்னேன்ல."

அந்தக் கடிதம் வந்த நாளில்கூட அழாதவள், அதைச் சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.